பாலிசி லேப்ஸ் ஆனபின்: புதுப்பிப்பதா, பெய்டு-அப்பா, சரண்டரா?

சித்தப்பா இறந்தபோது அவருடைய தகரப் பெட்டியில் பதினோரு ரசீதுகள் இருந்தன. மூன்று மாதத்துக்கு ஒருமுறை கட்டும் ஆயுள் காப்பீடு. இரண்டே முக்கால் ஆண்டு தவறாமல் கட்டியிருந்தார். பன்னிரண்டாவது தவணையின் டியூ தேதி கழிந்து 41-ஆம் நாள் மாரடைப்பு வந்தது. பாலிசியில் அனுமதித்திருந்த கருணைக் காலம் 30 நாள். அது முடிந்து பதினோரு நாள் ஆகிவிட்டது. அந்தக் காலத்துப் பாலிசிகளில் முழுதாக மூன்று ஆண்டுக்கான பிரீமியம் போய்ச் சேர்ந்திருந்தால்தான் கட்டிய பணத்துக்கு ஏதாவது மதிப்பு நிற்கும். சித்தப்பாவுக்கு அந்த ஒரு தவணை குறைந்தது. சித்திக்கு ஒரு ரூபாய்கூட வரவில்லை.

அந்தத் தவணை 2,000 ரூபாய்க்கும் குறைவு. அந்த மாதம் வீட்டில் பணம் இல்லாமலும் இல்லை. ‘அடுத்த வாரம் கட்டிக்கொள்ளலாம்’ என்று தள்ளிவைத்திருந்தார், அவ்வளவுதான். அதற்குப் பிறகு சொந்தக்காரர்கள் வீட்டில் பாலிசி பாண்டு எதைக் கண்டாலும் வாங்கி முழுவதும் படிப்பது என் வழக்கமாகிவிட்டது. படிக்கப் படிக்க எனக்குத் தெரிந்தது இது: லேப்ஸ் ஆன, அதாவது பிரீமியம் கட்டாமல் காலாவதியான பாலிசியை என்ன செய்வது என்று முடிவெடுக்கும்போது நம் ஆட்கள் பெரும்பாலும் ‘இதுவரை எவ்வளவு போட்டேன், எவ்வளவு போச்சு’ என்ற கணக்கைத்தான் போடுகிறார்கள். போட வேண்டியது இன்றிலிருந்து முதிர்வு வரையிலான கணக்கு. இரண்டும் நேர் எதிரான விடைகளைக்கூடத் தரும். அதை எண்களோடு காட்டுகிறேன். அதற்கு முன் கருணைக் காலத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் அங்கேதான் பாதிப் பேர் ஏமாறுகிறார்கள்.

ஒரே சொல், வேறு வேறு பொருள்

ஆயுள் காப்பீட்டில், ஆண்டு, அரையாண்டு, காலாண்டுத் தவணை என்றால் டியூ தேதியிலிருந்து 30 நாள் கருணைக் காலம். மாதத் தவணை என்றால் 15 நாள்தான். இந்த நாட்களில் காப்பீடு முழு உயிரோடு இருக்கிறது. நடுவில் இறப்பு நேர்ந்தால் கட்டாமல் நின்ற பிரீமியத்தைக் கழித்துக்கொண்டு முழுத் தொகையையும் நாமினிக்குத் தர வேண்டும். தாமத வட்டியும் கிடையாது. அதாவது, 29-ஆம் நாள் கட்டுகிறவருக்கும் முதல் நாள் கட்டுகிறவருக்கும் எந்த வேறுபாடும் இல்லை. 31-ஆம் நாள் எல்லாம் மாறிவிடுகிறது.

மாதத் தவணைக்காரர்கள்தான் இதில் அதிகம் அடிபடுகிறார்கள். வங்கிக் கணக்கிலிருந்து தானாகப் போய்விடும் என்று நம்பி இருப்பார்கள். சம்பளம் இரண்டு நாள் தள்ளி வந்திருக்கும், இருப்பு போதாமல் அந்தப் பற்று திரும்பியிருக்கும், வந்த குறுஞ்செய்தி ஐம்பது விளம்பரச் செய்திகளுக்கு அடியில் கிடக்கும். 15 நாள் என்பது கண் மூடித் திறப்பதற்குள் போய்விடும்.

மருத்துவக் காப்பீட்டிலும் அதே 30 நாள், 15 நாள்தான். ஆனால் பொருள் வேறு. ஓராண்டுக்கான பிரீமியத்தை மொத்தமாகக் கட்டி, அந்த ஆண்டு முடிந்தபின் வரும் கருணைக் காலத்தில் மருத்துவமனையில் சேர்ந்தால் அந்தச் செலவுக்குக் காப்பீடு கிடையாது. அந்த நாட்கள் தருவது ஒன்றே ஒன்று: அதற்குள் கட்டிவிட்டால் பழைய பாலிசியின் தொடர்ச்சி அறுபடாது. தவணையாகக் கட்டுகிறவர்களுக்கு மட்டும், பாலிசி ஆண்டின் நடுவில் வரும் கருணைக் காலத்திலும் காப்பீடு இருக்க வேண்டும் என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. 2024-இல் விதித்தது.

அந்தத் தொடர்ச்சிக்கு என்ன விலை என்று கேட்டால், வயதானவர்கள் இருக்கும் வீட்டில் அது பிரீமியத்தைவிடப் பெரிது. முன்பே இருக்கும் நோய்களுக்கு அதிகபட்சம் 36 மாதம் வரை காத்திருப்புக் காலம் வைக்கலாம். அப்பாவின் சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மூன்று ஆண்டு காத்திருந்து, நான்காம் ஆண்டு புதுப்பிக்க மறந்து 31 நாள் ஆகிவிட்டால், அந்த மூன்று ஆண்டும் வீண். புதிதாக வாங்கினால் மறுபடி முதல் 30 நாள் காத்திருப்பு, மறுபடி நோய்க்கான காத்திருப்பு, மறுபடி அவர் வயதுக்கேற்ற மருத்துவக் கேள்விகள். 60 மாதம் விடாமல் வைத்திருந்தால், மோசடி என்று நிரூபித்தாலொழிய ‘நீங்கள் நோயை மறைத்தீர்கள்’ என்று கிளெய்மை மறுக்க முடியாது என்ற பாதுகாப்பும் உண்டு. அந்த ஓட்டமும் பூஜ்யத்திலிருந்து தொடங்கும். எனவே மருத்துவக் காப்பீட்டைப் பொறுத்தவரை நான் ஒப்பீடே செய்ய மாட்டேன். கடன் வாங்கியாவது தேதிக்குள் கட்டுங்கள். அந்தக் கம்பெனி பிடிக்கவில்லை என்றால் விட்டுவிட்டு வேறு வாங்குவது தவறான வழி. முடிவதற்கு 45 நாளுக்கு முன்பே போர்ட் செய்ய விண்ணப்பித்தால், கழித்த காத்திருப்புக் காலத்தைக் கையோடு எடுத்துக்கொண்டு மாறலாம்.

வண்டிக்குக் கருணைக் காலமே இல்லை. பாலிசி முடியும் நள்ளிரவோடு சரி. அதன்பின் 90 நாளுக்குள் புதுப்பித்தால் நோ கிளெய்ம் போனஸ் (கிளெய்ம் கேட்காத ஆண்டுகளுக்கான பிரீமியத் தள்ளுபடி) தங்கும் என்பதைத்தான் பலர் கருணைக் காலம் என்று நினைத்துக்கொண்டு வண்டியை எடுத்துக்கொண்டு போகிறார்கள். தர்ட் பார்ட்டி இன்சூரன்ஸ் இல்லாமல் பிடிபட்டால் முதல் தடவை 2,000 ரூபாய் அபராதம், மீண்டும் பிடிபட்டால் 4,000. அபராதம் சின்ன விஷயம். யார்மேலாவது மோதிவிட்டால் தீர்ப்பாயம் விதிக்கும் இழப்பீட்டை வண்டிக்காரர் சொந்தக் கையிலிருந்து கொடுக்க வேண்டும். 2018 செப்டம்பருக்குப் பின் வாங்கிய பைக்குகளுக்கு முதலிலேயே 5 ஆண்டு தர்ட் பார்ட்டி சேர்த்து வாங்கியிருப்போம். ஐந்து ஆண்டு அதைப் பற்றி நினைக்க வேண்டியில்லாமல் இருந்ததாலேயே ஆறாம் ஆண்டு மறந்துபோகிறது. உங்கள் ஆர்.சி.யில் பதிவுத் தேதியை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

வங்கிக் கணக்கில் ஆண்டுக்கு 436 ரூபாய் பிடிக்கும் பிரதமரின் ஜீவன் ஜோதி திட்டத்திலும் இந்த நுணுக்கம் உண்டு. காப்பீட்டு ஆண்டு ஜூன் 1 முதல் மே 31 வரை. மே கடைசியில் கணக்கில் பணமில்லாமல் விட்டுப்போய், பிறகு சேர்ந்தால் முதல் 30 நாளுக்கு விபத்து மரணம் தவிர மற்றதற்குப் பணம் வராது. 2 லட்ச ரூபாய் காப்பீடு 436 ரூபாய் இல்லாமல் நின்றுபோகும் வீடுகள் நிறைய. மே மாதம் அந்தக் கணக்கில் 500 ரூபாய் விட்டுவைத்தால் போதும்.

டியூ வந்துவிட்டது, கையில் பணம் இல்லை

ஆயுள் காப்பீட்டுக்குத் திரும்புகிறேன். கருணைக் காலம் ஓடிக்கொண்டிருக்கிறது, 25,000 ரூபாய் புரட்ட வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கூட்டுறவுச் சங்கத்திலோ வங்கியிலோ நகையை வைத்தால் ஆண்டுக்கு 10% அளவில் வட்டி. மூன்று மாதத்துக்கு 625 ரூபாய். தெருமுனை அடகுக் கடையில் ரெண்டு வட்டி என்றால் மூன்று மாதத்துக்கு 1,500. பாலிசிக்கே கடன் மதிப்பு இருந்தால் அதன்மேல் கடன் வாங்கலாம். பொதுவாக, நடப்பில் உள்ள பாலிசிக்குச் சரண்டர் மதிப்பில், அதாவது பாலிசியை முடித்துக்கொண்டால் கைக்கு வரும் தொகையில், 90% வரை கிடைக்கும். நகையும் வேண்டாம், ஜாமீனும் வேண்டாம். ஆனால் எனக்கு ஒரு பயம் உண்டு. பாலிசிக் கடனைத் திருப்பிக் கேட்டு யாரும் வாசலில் வந்து நிற்க மாட்டார்கள். அதனால் அது அப்படியே கிடந்து, வட்டி குட்டி போட்டு வளரும். பிரீமியமும் நின்று, கடனும் வட்டியும் சேர்ந்து சரண்டர் மதிப்பைத் தாண்டினால் பாலிசியையே முடித்துக் கணக்கை நேர்செய்துவிடுவார்கள். ஓராண்டுக்குள் அடைக்க முடியும் என்றால் பாலிசிக் கடன், இரண்டு மூன்று மாதப் பிரச்சினை என்றால் நகைக்கடன். என் தேர்வு இப்படித்தான்.

டேர்ம் பாலிசியாக (இறந்தால் மட்டும் பணம் தருவது) இருந்தால் ரெண்டு வட்டிக்கு வாங்கியாவது கட்டுங்கள் என்பேன். சாதாரண டேர்ம் பாலிசியில், கட்டிய அளவுக்குச் சுருக்கி வைத்துக்கொள்ளும் பெய்டு-அப்பும் இல்லை, சரண்டரும் இல்லை. நின்றால் மொத்தமாக நின்றுவிடும். 50 லட்சத்தின் நிழலில் இருக்கும் குடும்பம் 1,500 ரூபாய் வட்டிக்குப் பயந்து வெயிலுக்கு வரக் கூடாது.

ஆண்டுத் தவணையைச் சமாளிக்க முடியவில்லை என்றால் காலாண்டுக்கு மாற்றலாம். மொத்தத்தில் கொஞ்சம் கூடுதலாகப் போகும், ஆனால் ஒருமுறை புரட்ட வேண்டிய தொகை கால்பங்காகிவிடும். மாதத் தவணைக்கு மட்டும் போகாதீர்கள், அந்த 15 நாள் காரணமாக.

மாமாவின் பாண்டு

சென்ற செப்டம்பரில் திருப்பூர் மாமா, என் அக்காவின் வீட்டுக்காரர், ஒரு பாண்டைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார். ஜாப் ஒர்க் செய்கிறவர். இரண்டு ஆண்டாக ஆர்டர் சரியில்லை.

“மாப்ள, பேசாம இதை சரண்டர் பண்ணிப் போடலாம்னு இருக்கேன். போட்டது போச்சுன்னு நெனச்சுக்கறேன்.”

“இருங்க மாமா. மொதல்ல கணக்குப் போட்டுப் பாத்துடலாம்.”

5 லட்சத்துக்கான 20 ஆண்டு எண்டோமென்ட் பாலிசி, அதாவது காப்பீடும் சேமிப்பும் சேர்ந்தது. 2017 ஜனவரியில் தொடங்கியது. ஆண்டுக்கு 25,000 ரூபாய் என்று முழு எண்ணாக வைத்துக்கொள்வோம். 2023 வரை ஏழு பிரீமியம், அதாவது 1,75,000 கட்டியிருந்தார். 2024, 2025 இரண்டும் கட்டவில்லை.

நான் முதலில் பார்த்தது பணத்தை அல்ல, கெடுவை. லேப்ஸ் ஆன பாலிசியை முதல் கட்டாத தவணையிலிருந்து எத்தனை ஆண்டுக்குள் புதுப்பிக்கலாம் என்பது பாண்டில் அச்சிட்டிருக்கும். இப்போது விற்கும் பாரம்பரியத் திட்டங்களில் 5 ஆண்டு, பணத்தைச் சந்தையில் போடும் யூலிப்பில் 3 ஆண்டு. மாமாவின் பாண்டு அதற்கு முந்தைய விதிகளின் காலத்தது, அதில் 2 ஆண்டு என்று இருந்தது. அதன்படி 2026 ஜனவரியோடு கதவு மூடும். நான்கு மாதம் மிச்சம்.

இனி ஒவ்வொரு வழியாக.

பெய்டு-அப் என்றால், இனி ஒன்றும் கட்ட வேண்டாம், கட்டிய அளவுக்குப் பாலிசி சுருங்கி முதிர்வு வரை இருக்கும். 20-இல் 7 கட்டியாயிற்று, எனவே 5 லட்சம் 1,75,000 ஆகச் சுருங்கும். ஏழு ஆண்டில் சேர்ந்த போனஸ் அதோடு நிற்கும். காப்பீட்டுத் தொகையில் ஆயிரத்துக்கு ஆண்டுக்கு 40 ரூபாய் என்று கணக்கிட்டால் 1,40,000. ஆக 3,15,000 ரூபாய், 2037-இல் கைக்கு வரும். நடுவில் மாமாவுக்கு ஏதாவது ஆனால் அக்காவுக்கும் அதே தொகைதான். இனிமேல் போனஸ் சேராது.

சரண்டர் என்றால் இன்றே பணம். கட்டிய பிரீமியத்தில் பாதி, அதாவது 87,500-ஐச் சுற்றித்தான் உறுதியளித்த சரண்டர் மதிப்பு. ஆனால் சிறப்புச் சரண்டர் மதிப்பு என்று ஒன்றையும் கணக்கிட்டு, இரண்டில் அதிகமானதைத் தருவார்கள். எதிர்காலத்தில் வரப்போகும் அந்த 3,15,000-இன் இன்றைய மதிப்பு என்று அதை எளிதாகப் புரிந்துகொள்ளலாம். கிளையில் சொன்னது ஏறக்குறைய 1,42,000. கட்டியதைவிட 33,000 குறைவு, ஏழெட்டு ஆண்டு வட்டியும் இல்லை. மாமா மனம் ஒடிந்தது இந்த இடத்தில்தான்.

புதுப்பிப்பது என்றால் இரண்டு பிரீமியம் 50,000. முதல் தவணை 20 மாதம், இரண்டாவது 8 மாதம் பிந்தியிருக்கிறது. 9.5% வட்டி, அரையாண்டுக்கு ஒருமுறை வட்டிக்கு வட்டி என்று போட்டால் தாமதக் கட்டணம் 5,800 ரூபாய் அளவில் வரும். மொத்தம் 55,800. அதன்பின் 11 பிரீமியம், 2,75,000. கடைசியில் 5 லட்சமும், 20 ஆண்டு போனஸ் இதே அளவில் வந்தால் 4 லட்சமும், ஆக 9 லட்சம்.

இப்போது போட வேண்டிய கணக்கு: பெய்டு-அப் ஆக விட்டாலும் 3,15,000 வரத்தான் போகிறது. ஆகவே புதுப்பிப்பதால் கூடுதலாக வருவது 5,85,000. அதற்காக இனிமேல் கட்டுவது இன்று 55,800, பிறகு ஆண்டுக்கு 25,000. இதே பணத்தை அதே தேதிகளில் 7.1% தரும் பி.பி.எஃப். (பொது வருங்கால வைப்பு நிதி) போன்ற ஒன்றில் போட்டால் 2037-இல் 5,46,000 அளவில்தான் சேரும். பாலிசி கிட்டத்தட்ட 8% தருகிறது, போதாததற்கு அவ்வளவு நாளும் காப்பீடு இருக்கிறது. சரண்டரோடு ஒப்பிட்டாலும் இப்படித்தான். 1,42,000-ஐ வாங்கி, கட்டாமல் மிச்சமாகும் பணத்தையும் சேர்த்து 7.1% வட்டியில் போட்டால் 8,55,000. பாலிசியில் 9 லட்சம்.

மாமா நம்பவில்லை. “எண்டோமென்ட்ல அஞ்சு பர்சென்ட்தான் வரும்னு நீதான சொன்ன?” சொன்னது உண்மை. முதல் நாளிலிருந்து 20 ஆண்டும் கட்டினால் இந்தப் பாலிசி தருவது 5.3% அளவில்தான். ஆனால் எண்டோமென்ட் பாலிசியின் செலவு எல்லாம் ஆரம்ப ஆண்டுகளிலேயே நம் தலையில் இறங்கிவிடுகிறது. அந்தச் சுமையை மாமா ஏழு ஆண்டில் சுமந்து முடித்துவிட்டார். இனி வருவது நல்ல பாதி. கெட்ட பாதியை அனுபவித்துவிட்டு நல்ல பாதி தொடங்கும்போது இறங்கிப்போவதுதான் சரண்டர். இதை யாரும் அவருக்குச் சொல்லவில்லை. பழையதை விட்டுவிட்டுப் புதிதாக ஒன்று போடலாம் என்று யோசனை சொன்னவர்கள் உண்டு. புதுப் பாலிசியின் முதல் ஆண்டுக் கமிஷன் பழையதைப் புதுப்பிப்பதில் கிடைப்பதைவிட மிக அதிகம் என்பதையும் அந்த யோசனையோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். புதிதாகப் போட்டால் கெட்ட பாதியை இன்னொரு முறை சுமக்க வேண்டும்.

போனஸ் விகிதம் ஆண்டுதோறும் அறிவிப்பது, உறுதியானது அல்ல. உங்கள் பாலிசிக்கு இதுவரை சேர்ந்த போனஸ் எவ்வளவு என்று கிளையில் எழுதி வாங்கி, அந்த எண்ணை வைத்துக் கணக்குப் போடுங்கள்.

இதே கணக்கு தலைகீழாகும் இடம்

மாமா இரண்டே ஆண்டு கட்டிவிட்டு நிறுத்தியிருந்தால் நான் வேறு மாதிரி சொல்லியிருப்பேன். அதே பாலிசி, 50,000 கட்டியாயிற்று, இரண்டு தவணை பாக்கி. இரண்டு ஆண்டு கட்டியதற்கே சரண்டர் மதிப்பு தரும் பாலிசி என்று வைத்துக்கொண்டாலும், உறுதியான மதிப்பு 30%, வெறும் 15,000. இழப்பு பெரிதாகத் தெரியும், வயிறு எரியும். ஆனால் அந்த 15,000-ஐயும், புதுப்பிக்கக் கட்ட வேண்டிய 55,800-ஐயும், பிறகு வரும் 16 பிரீமியத்தையும் 7.1%-இல் போட்டால் 9,70,000 சேரும். பாலிசியில் அதே 9 லட்சம்தான். இங்கே விட்டுவிடுவதுதான் லாபம். அதிகம் இழந்ததாகத் தோன்றும் பாலிசியை விடலாம், குறைவாக இழந்ததாகத் தோன்றும் பாலிசியை விடக் கூடாது. மனம் சொல்வதற்கு நேர்மாறாக இருப்பதால்தான் தாளில் எழுதிப் பார்க்கச் சொல்கிறேன். பாதி தூரத்துக்கு முன்னால் எங்கோ ஓரிடத்தில் தராசு சாய்கிறது. அது பாலிசிக்குப் பாலிசி மாறும்.

2024 அக்டோபர் 1-க்குப் பின் வந்த திட்டங்களில் ஓராண்டுப் பிரீமியம் முழுதாகக் கட்டியிருந்தாலே, முதல் பாலிசி ஆண்டு முடிந்ததும் சிறப்புச் சரண்டர் மதிப்பு உண்டு. பதினோரு ரசீதோடு சித்தி நின்ற நிலை புதுப் பாலிசிக்காரர்களுக்கு வராது. இந்த விதியைப் படித்த அன்று எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது அந்தத் தகரப் பெட்டிதான்.

உடம்பும் ஒரு கணக்கு

பெய்டு-அப்புக்கும் சரண்டருக்கும் உங்கள் உடல்நிலையை யாரும் கேட்க மாட்டார்கள். புதுப்பிக்கக் கேட்பார்கள். சில மாதத் தாமதம் என்றால் நலமாக இருப்பதாக ஓர் அறிவிப்புப் படிவம் போதும். தாமதமும் தொகையும் வயதும் கூடக்கூட மருத்துவப் பரிசோதனை. முடிவைப் பார்த்துக் கூடுதல் பிரீமியம் கேட்கலாம், மறுக்கவும் செய்யலாம்.

மாமாவுக்கு இந்த இரண்டு ஆண்டில்தான் சர்க்கரை வந்திருந்தது. “அதை எழுதணுமா?” என்றார். எழுதத்தான் வேண்டும். இன்சூரன்ஸ் சட்டத்தின் 45-ஆவது பிரிவுப்படி மூன்று ஆண்டு கடந்த பாலிசியை எந்தக் காரணம் காட்டியும் கேள்வி கேட்க முடியாது. ஆனால் புதுப்பித்தால் அந்த மூன்று ஆண்டு, புதுப்பித்த நாளிலிருந்து மறுபடி எண்ணப்படும். 2020 முதல் உடைக்க முடியாததாக இருந்த பாலிசி, 2025-இல் ஒரு பொய்யோடு புதுப்பித்தால், 2028 வரை உடையக்கூடியது. சர்க்கரையை மறைத்துப் புதுப்பிப்பதைவிடப் பெய்டு-அப் ஆக விடுவது அக்காவுக்கு நல்லது. 3,15,000 ஆவது சண்டையில்லாமல் வரும்.

டேர்ம் பாலிசியை நான் முன்னால் வைத்ததும் இதனால்தான். 5 லட்சம் என்பது இரண்டு பிள்ளைகள் படிக்கும் வீட்டுக்கு எந்த மூலைக்கு? பழையதைப் பெய்டு-அப் ஆக விட்டு, அந்த 25,000-இல் பாதிக்கு 50 லட்ச டேர்ம் எடுத்து, மீதியைச் சேமிப்பது, ஒழுங்காகச் சேமிக்கிறவருக்கு மிக நல்ல வழி. உடம்பு சுகமாக இருக்கும் 30 வயதுக்காரருக்கு நான் சொல்வது அதுதான். 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் ஆயுள், மருத்துவக் காப்பீடுகளுக்கு ஜி.எஸ்.டி. இல்லை என்பதால் டேர்ம் இன்னும் மலிவாகியிருக்கிறது. ஆனால் வரிசை முக்கியம். புதுப் பாலிசி கைக்கு வந்தபின்தான் பழையதை விட வேண்டும். விண்ணப்பித்துவிட்டோம் என்ற நம்பிக்கையில் பழையதை முடித்துக்கொண்டு, பரிசோதனையில் புதியதும் மறுக்கப்பட்டு, இரண்டும் இல்லாமல் நின்ற ஒருவரை எனக்குத் தெரியும்.

மாமா முதலில் டேர்முக்கு விண்ணப்பித்தார். சர்க்கரைக்காகப் பிரீமியத்தைக் கூட்டித்தான் கொடுத்தார்கள். கொடுத்தார்களே, அது போதும். அது கைக்கு வந்தபின் பழைய பாண்டை எடுத்துக்கொண்டு கிளைக்குப் போனோம். அவர் சேமிப்புக்காரர் இல்லை, கையில் இருக்கும் பணம் மிஷினுக்குப் போய்விடும் என்பது அவருக்கே தெரியும். அதனால் புதுப்பிப்பது என்று முடிவு.

55,800-க்கு எங்கே போவது? ஏஜென்ட் சொல்லாத ஒன்றைக் கவுன்டரில் இருந்த அம்மா சொன்னார். லேப்ஸ் ஆன பாலிசியைப் புதுப்பிக்க எல்.ஐ.சி.யில் ஒரே வழி மட்டும் இல்லை. பாக்கியைத் தவணையாகக் கட்டிப் புதுப்பிக்கலாம். பாலிசி தொடங்கிய தேதியையே முன்னோக்கி நகர்த்திப் புதுப்பிக்கலாம், அப்போது பழைய பாக்கி சுருங்கும், வயது கூடியதால் பிரீமியம் கூடும். பாலிசிமேலேயே கடன் எடுத்து அந்தக் கடனிலிருந்து பாக்கியை அடைத்துப் புதுப்பிக்கலாம். ஆண்டில் அவ்வப்போது புதுப்பிப்பு முகாம் நடத்தித் தாமதக் கட்டணத்தில் சலுகையும் தருவார்கள். கெடு நெருங்காதவர்கள் அதற்காகச் சில வாரம் காத்திருக்கலாம். ஆனால் காத்திருக்கும் நாட்களில் காப்பீடு இல்லை என்பதை மறக்க வேண்டாம். டேர்ம் கைவசம் இல்லாவிட்டால் நான் காத்திருக்க மாட்டேன்.

மாமா கடனோடு புதுப்பிக்கும் வழியை எடுத்தார். சர்க்கரையை எழுதினார். ரத்தப் பரிசோதனை கேட்டார்கள், கொடுத்தார். மூன்று வாரத்தில் பழைய பிரீமியத்திலேயே ஏற்றுக்கொண்டார்கள். அக்காவின் நகை பெட்டியிலேயே இருந்தது. கடனை மூன்று பண்டிகைச் சீசனுக்குள் அடைப்பதாகத் திட்டம்.

லேப்ஸ் ஆகிக் கிடந்த அந்த மாதங்களில் மாமாவுக்கு வேறு சில அழைப்புகளும் வந்திருந்தன. “உங்க பாலிசிக்கு போனஸ் வந்திருக்கு, 20,000 கட்டினா முழுப் பணமும் ரிலீஸ் ஆகும்” என்று சுத்தமான தமிழில் பேசினார்களாம். ஐ.ஆர்.டி.ஏ.ஐ.யிலிருந்து பேசுவதாகச் சொன்னார்களாம். அந்த ஆணையம் பாலிசி விற்பதும் இல்லை, யாருக்கும் போனஸ் அறிவிப்பதும் இல்லை. பாலிசி எண்ணும் தவணை விவரமும் சரியாகச் சொல்கிறார்கள் என்பதற்காக நம்பிவிடக் கூடாது. லேப்ஸ் ஆன பாலிசிக்கான பணத்தைக் கிளைக் கவுன்டரிலோ, கம்பெனியின் சொந்தத் தளத்திலோ மட்டும் கட்டுங்கள். கிளையில் நியாயம் கிடைக்கவில்லை என்றால் முதலில் கம்பெனிக்கு எழுத்தில் புகார், பிறகு ஐ.ஆர்.டி.ஏ.ஐ.யின் புகார்த் தளமான பீமா பரோசா, அதற்கும் பிறகு சென்னையில் உள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளர்.

கிளைக்குப் போகும்போது நான்கு எண்களை ஒரே தாளில் எழுதித் தரச் சொல்லி வாங்கினோம்: இன்றைய தேதிக்குப் புதுப்பிக்க எவ்வளவு, இன்றைய சரண்டர் மதிப்பு, பெய்டு-அப் மதிப்பு, இதுவரை சேர்ந்த போனஸ். கூடவே புதுப்பிக்கக் கடைசித் தேதி. அந்தத் தாள் இப்போதும் அக்காவிடம் இருக்கிறது. இந்த ஜனவரியில் டியூ தேதியன்று காலையிலேயே அவள் கட்டிவிட்டு எனக்கு ரசீதைப் படமெடுத்து அனுப்பினாள். தினசரி காலண்டரில் அடுத்த தேதியையும், அதற்குக் கீழே 30 நாள் கழித்து வரும் தேதியைச் சிவப்பு மையிலும் எழுதி வைத்திருக்கிறாள்.